ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

2023 அக்டோபரிலிருந்து 2024 மார்ச் வரை டிரெஸ்டன் நகரத்தில் எக்ஸ்சேஞ்ச் மாணவனாக இருந்தேன், படித்தது மெக்கானிக்கல். திரும்பி வந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் கல்லூரியில் அடுத்த பேட்ச் தம்பி தங்கைகள் ஏறக்குறைய இதே கேள்விகளோடு வருகிறார்கள், சில நேரம் அவர்களுடைய அப்பா அம்மாவும் போன் செய்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முழுப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. நம் கல்லூரிக்கும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்து, அதன் வழியாக ஒரு செமஸ்டர் மட்டும் போய்வருகிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

எத்தனை மாதம் முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும்?

ஒரு வருடம் முன்பே. இது ரொம்ப அதிகம் என்று நினைப்பவர்கள்தான் பிறகு ஆகஸ்டில் விசாவுக்கும் அறைக்கும் ஒரே நேரத்தில் அலைகிறார்கள்.

முதலில் கேலண்டரைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நம் செமஸ்டரும் அவர்கள் செமஸ்டரும் ஒத்துப்போகாது. அங்கே குளிர்கால செமஸ்டர் என்பது அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி தொடக்கத்தில் முடியும், தேர்வுகள் பிப்ரவரியிலும் சில பாடங்களுக்கு மார்ச்சிலும் வரும். நம் ஊரில் அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடுமே? ஆமாம், அதுதான் பெரிய சிக்கல். குளிர்காலத்துக்குப் போனால் இங்கே இரண்டு செமஸ்டரின் பகுதிகள் பாதிக்கப்படும், அதற்கு ஹெச்ஓடியிடமும் தேர்வுத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள், அதாவது அவர்கள் ஃபாக்ஹோக்‌ஷூலெ என்று சொல்வது, ஒரு மாதம் முன்பே செமஸ்டரைத் தொடங்கும். மான்ஹைம் பல்கலைக்கழகம் செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் வகுப்பை முடித்துவிடுகிறது. ஒப்பந்தப் பட்டியலில் இரண்டு மூன்று இடம் இருந்தால், தரவரிசைக்கு முன்னால் இந்தத் தேதிகளைப் பாருங்கள்.

இன்னொன்று, அடிப்படையான விஷயம். இங்கே கடைசித் தேதி நெருங்கினால் கிளாஸ் அட்வைசர் வாட்ஸ்அப்பில் நாலு தடவை போடுவார், ஃபைன் கட்டினால் இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். அங்கே தேதி ஒருமுறை இணையதளத்தில் போடப்படும், அவ்வளவுதான். தவறவிட்டால் யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் தேதிக்கு முன்னால் நீங்களாகப் போய்க் கேட்டால் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்குவார்கள். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

கல்விக் கட்டணம் இல்லையாமே, மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒப்பந்தத்தில் போனால் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, வழக்கமாக நம் கல்லூரிக்குக் கட்டும் கட்டணத்தைக் கட்டினால் போதும். அங்கே செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகை உண்டு, ஊரைப் பொறுத்து சுமார் 100 முதல் 400 யூரோ. பல இடங்களில் பயணச் சீட்டு இதற்குள்ளேயே வந்துவிடும், அதனால் இது வீண் செலவு அல்ல. மீதியெல்லாம் வாழ்க்கைச் செலவு: அறை வாடகை, காப்பீடு, சாப்பாடு. மியூனிக்கில் வாடகை மட்டுமே மற்ற ஊரின் மொத்தச் செலவைத் தொடும். டிரெஸ்டன், கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்குப் பக்க ஊர்களில் அதே விடுதி அறை நன்றாகக் குறையும். வீட்டில் கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்ற நிலை இருந்தால், ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே பெரிய தொகை மிச்சமாகும், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிளாக்டு அக்கவுண்ட் என்றால் என்ன? அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், அது உங்கள் பணம்தான். அங்கே இருக்கும் காலம் முழுக்க உங்களிடம் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசா அதிகாரிக்குக் காட்டுவதற்காக முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு வைப்பது, ஜெர்மனில் ஷ்பெர்கோன்டோ. 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904 என்று கணக்கு. நான் போனபோது 934. ஆறு மாதத்துக்குப் போகிறவர் ஆறு மாதத்துக்குக் காட்டினால் போதும், அதாவது 5,952 யூரோ. அங்கே போய் உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்ததும் மாதாமாதம் அந்தத் தொகை விடுவிக்கப்படும். மொத்தமாக ஒரே நாளில் எடுக்க முடியாது, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் மாத வாடகை, முன்பணம், படுக்கை விரிப்பு, குளிர் ஜாக்கெட் எல்லாம் முதல் விடுவிப்புக்கு முன்பே வந்து நிற்கும். அதனால் தனியாக ஆயிரம் யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டிலும் கொஞ்சம் ரொக்கமாகவும் கையில் வேண்டும்.

டாட் அல்லது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகை கிடைத்தவர்கள் அந்தக் கடிதத்தையே பணச் சான்றாகக் காட்டலாம், தொகை போதவில்லை என்றால் குறைகிற பகுதிக்கு மட்டும் பிளாக்டு அக்கவுண்ட் போடலாம். டாட் என்பது ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, சென்னையிலேயே தகவல் மையம் இருக்கிறது. காசு கொடுத்து ஏஜெண்டிடம் போவதற்கு முன் அங்கே கேளுங்கள். ஒப்பந்தத்தில் போகிற மாணவனுக்கு ஏஜெண்டே தேவையில்லை.

விசா எப்படி? ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டுமா?

90 நாளுக்கு மேல் தங்குவதால் ஷெங்கன் விசா செல்லாது, தேசிய விசா, அதாவது டி வகை. கட்டணம் 75 யூரோவுக்கு இணையான ரூபாய். 2025 தொடக்கத்திலிருந்து ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவை இணையதளத்திலேயே விண்ணப்பத்தையும் ஆவணங்களையும் ஏற்றலாம். அவர்கள் சரிபார்த்த பிறகு கைரேகைக்கும் அசல் ஆவணங்களுக்கும் நேரில் போக வேண்டும். ஜெர்மன் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்.

ஏபிஎஸ் என்பது நம் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் சான்றிதழ், 2022 நவம்பர் 1 முதல் ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள், சில பிரிவுகளுக்கு விலக்கு உண்டு. கட்டணம் 18,000 ரூபாய். அதைக் கட்டுவதற்கு முன் உங்கள் வகை எக்ஸ்சேஞ்சுக்கு அது தேவையா என்பதைத் தூதரகம் வெளியிட்டிருக்கும் ஆவணப் பட்டியலில் பாருங்கள். சீனியர் சொன்னார் என்பதற்காகக் கட்டாதீர்கள், சீனியர் சொன்னார் என்பதற்காகக் கட்டாமலும் இருக்காதீர்கள்.

விசா கையில் வந்ததும் அதிலுள்ள முடிவுத் தேதியைப் பாருங்கள். கடைசித் தேர்வு வரை அது நீடித்தால் கவலையில்லை. அதற்கு முன்பே முடிந்தால், அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி வாங்க வேண்டும், அந்த அலுவலகங்களில் நேரம் கிடைக்கவே சில வாரங்கள் ஆகும் என்பதால் இறங்கிய வாரமே பதிவு செய்துவிட வேண்டும்.

பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதில் அவசரப்படாதீர்கள். லேர்னிங் அக்ரிமெண்ட் என்ற படிவத்தில் அங்கே எடுக்கும் பாடமும் இங்கே அதற்கு ஈடான பாடமும் பக்கம் பக்கமாக இருக்கும், நம் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகமும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை 30 ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பிய கிரெடிட், ஒரு ஈசிடிஎஸ் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முதல் தடவை வெளிநாட்டில் படிக்கிறவர், அதுவும் பொறியியல் பாடங்களை, முப்பதையும் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லூரி ஒத்துக்கொண்டால் 20 முதல் 24 எடுத்து அதை நன்றாகப் படியுங்கள்.

மூன்று விஷயத்தைச் சரிபாருங்கள். பாடம் அந்த செமஸ்டரில் நடக்கிறதா, ஏனென்றால் பல பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான், பட்டியலில் பெயர் இருக்கும், வகுப்பு கோடையில் இருக்கும். எந்த மொழியில் நடக்கிறது, ஏனென்றால் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தும் வகுப்பு ஜெர்மனில் நடப்பது உண்டு. ஆங்கில வகுப்புகள் பெரும்பாலும் முதுகலைப் பிரிவில்தான், அதை இளங்கலை எக்ஸ்சேஞ்ச் மாணவர் எடுக்கலாமா என்று அந்தப் பேராசிரியருக்கே மெயில் போட்டுக் கேட்க வேண்டும். எனக்கு இரண்டு பேராசிரியர்கள் மறுநாளே சரி என்று பதில் போட்டார்கள்.

மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 தான் மிகச் சிறந்தது, 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். இங்கே அதை எந்த முறையில் சிஜிபிஏவாக மாற்றுவார்கள் என்று கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு அங்கே 2.3 வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே உள்ளவர்களுக்குப் புரியவைப்பது பெரிய பாடு.

ஜெர்மன் தெரியாமல் போகலாமா?

போகலாம், வகுப்பும் நண்பர்களும் ஆங்கிலத்தில் ஓடும். ஆனால் வாடகை ஒப்பந்தம், அரசாங்கக் கடிதம், பேருந்து அறிவிப்பு எல்லாம் ஜெர்மனில்தான் வரும். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 முடித்துவிட்டுப் போனேன், கடையிலும் மருத்துவரிடமும் அது கொடுத்த தைரியம் பெரிது. தப்பும் தவறுமாகப் பேசினாலும் முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

தங்க இடம்?

இதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம், விசாவை விடவும். மாணவர் விடுதிகளைப் பல்கலைக்கழகம் நடத்துவதில்லை, ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு நடத்துகிறது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வந்தால் அறையும் கூடவே வரும் என்று நினைத்து ஜூலை வரை காத்திருந்தவர்கள் என் பேட்சிலேயே உண்டு. சில ஊர்களில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்று அறைகள் ஒதுக்கி வைத்திருப்பார்கள், சர்வதேச அலுவலகத்துக்கு மெயில் போட்டு அதற்கான தேதியைக் கேளுங்கள்.

விடுதி கிடைக்கவில்லை என்றால் வேகே, அதாவது பலர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கொரு அறையில் இருப்பது. ஒரு செமஸ்டருக்குப் போகிறவர்களுக்கு ஸ்விஷன்மீட்டெ நல்ல வழி: அங்குள்ள மாணவர்களும் வெளிநாட்டுக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ போவார்கள், அந்த ஆறு மாதம் தங்கள் அறையைச் சாமான்களோடு வாடகைக்கு விடுவார்கள். விளம்பரத்தில் கால்ட் என்று போட்டிருந்தால் வெறும் வாடகை, வார்ம் என்றால் ஹீட்டர், தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. முன்பணம் சட்டப்படி மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

ஏமாற்று வேலையும் நடக்கிறது. என் நண்பனுக்கு ஒரு அழகான அறை, நகர நடுவில், பாதி விலையில் வந்தது. வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். அனுப்பிவிட்டான், சாவி வரவே இல்லை. வீடியோவில் அறையையும் ஆளையும் பார்க்காமல், கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். அந்த ஊர்த் தமிழ் மாணவர்கள் யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் உதவுவார்கள்.

மருத்துவக் காப்பீடு இங்கேயே எடுத்துவிடலாமா?

இறங்கும் நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் சேரும் நாள் வரைக்கும் பயணக் காப்பீடு இங்கே எடுங்கள். அதற்கு மேல் ஜெர்மன் அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடு வேண்டும், 30 வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்கு மாதம் 140 யூரோவை ஒட்டி வரும். விலை குறைவு என்று தனியார் காப்பீட்டுக்குப் போனால், அந்தப் படிப்புக் காலம் முழுக்கத் திரும்ப அரசு வகைக்கு மாற முடியாது. நான் மாதத் தொகையைப் பார்த்து முதலில் தயங்கினேன், டிசம்பரில் பனியில் வழுக்கி மணிக்கட்டு பிசகியபோது கையிலிருந்து ஒரு யூரோ கட்டாமல் எக்ஸ்ரே எடுத்து வந்தேன்.

முதல் இரண்டு வாரம் என்னென்ன செய்ய வேண்டும்?

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், ஆன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட்டோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவமும் வேண்டும், அதை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாம் இதன் பின்னால்தான் வரும்.

அப்புறம், யாரும் சொல்லித்தராத ஒரு சின்ன விஷயம்: தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே அறை எண்ணைப் பார்த்துக் கடிதம் போட மாட்டார்கள், பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். பெயர் இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும், வங்கியின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வருகின்றன. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டினால் போதும்.

கொஞ்ச நாளில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும், டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வேகே என்றால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பதில் எழுதுங்கள்.

பெட்டியில் என்ன கொண்டுபோவது?

அம்மாக்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம், இவை போதும். அரிசியும் பருப்பும் ஆசியக் கடையிலும் துருக்கியர் கடையிலும் கிடைக்கும், எடையை அதில் வீணாக்க வேண்டாம்.

எதைக் கொண்டுபோகக் கூடாது என்பது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பெட்டியில் வரக் கூடாது, எனவே நெய், பால்கோவா வகையெல்லாம் சுங்கத்தில் பிடிபட்டால் குப்பைக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை, 2019 டிசம்பரிலிருந்து இந்த விதி கடுமையாகிவிட்டது. மீனுக்குத் தனி விதி, சொந்த உபயோகத்துக்குக் கருவாடு கொண்டுபோகலாம், ஆனால் பொதுச் சமையலறையில் அதை வறுப்பதற்கு முன் கூட இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் அம்மா கலந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

குக்கர் எடுத்துப் போங்கள், ஸ்டீலில், இன்டக்‌ஷனுக்கும் ஆகிற மாதிரி. அலுமினிய குக்கர் இன்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுங்கள், ஆன்டிபயாடிக் அங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது. கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி. குளிர் ஜாக்கெட்டை மட்டும் இங்கே வாங்காதீர்கள், அங்கே போய் அந்தக் குளிரில் நின்று வாங்குவதுதான் சரியாக இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. மென்சா என்ற மாணவர் உணவகத்தில் தினமும் சைவமும் வீகனும் இருக்கும், மாணவர் விலையில். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை உணர்வி சத்தம் போட்டுத் தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

வகுப்பும் தேர்வும் எப்படி இருக்கும்?

வருகைப் பதிவு பெரும்பாலும் கிடையாது, இன்டர்னல் மார்க்கும் இல்லை. பல பாடங்களில் கடைசியில் நடக்கும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண். டிரெஸ்டனில் முதல் வகுப்பு காலை 7.30-க்கு, குளிர்காலத்தில் அப்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். வேறு ஊர்களில் அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் கால் மணி கழித்துத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சொன்ன நேரத்துக்கே.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. தேர்வுப் பதிவுக்குத் தனித் தேதி, பெரும்பாலும் டிசம்பர் ஜனவரியில். வேறொரு ஊருக்குப் போன என் வகுப்புத் தோழி ஒரு வகுப்பைக்கூட விடாமல் போனாள், பயிற்சித் தாள் எல்லாம் முடித்தாள், தேர்வுக்குப் பதிய வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது ஒன்பது நாள் தாண்டியிருந்தது. ஆறு கிரெடிட், இங்கே வந்து திரும்ப எழுதினாள். அவள் எங்களை விட நன்றாகப் படிப்பவள் என்பதால்தான் இதை எழுதும்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. முதல் வாரமே தேர்வு அலுவலகத்துக்குப் போய், எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் எந்த வழியில், எந்தத் தேதிக்குள் பதிய வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

பகுதி நேர வேலை பார்க்கலாமா?

மாணவர் அனுமதியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஆறு மாதத்தில், புது ஊரில், வரி எண் வந்து, வேலை கிடைத்து, சம்பளம் வருவதற்குள் தேர்வு வந்துவிடும். வேலையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

தெரியாமல் மாட்டிக்கொள்ளும் விதிகள் ஏதாவது?

டோரண்டில் படம் இறக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. வக்கீல் கடிதம் வரும், நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு, அதுவும் இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. சீட்டு இல்லாமல் ரயிலில் பிடிபட்டால் 60 யூரோ. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலையும் கேனையும் கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் கிடைக்கும்.

என் மகளைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான் அம்மா. பல்கலைக்கழக ஊர்களில் பெண்கள் இரவு பத்து மணிக்கும் டிராமில் தனியாக வருவது சாதாரணம், போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 112, இரண்டையும் போனில் பதிந்து கொடுங்கள். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், பல நாள் சூரியனே தெரியாது, அப்போது அறைக்குள்ளேயே முடங்குகிற பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். மகளைப் பட்டி, அதாவது தோழமைத் திட்டத்தில் சேரச் சொல்லுங்கள், அங்குள்ள மாணவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி, உங்களுக்கு இரவு எட்டரை என்றால் அவளுக்கு மாலை நாலு, சரியாக இருட்டுகிற நேரம். அப்போது கூப்பிட்டுப் பேசுங்கள். டார்ட்முண்ட், எசன், ஹாகன் பக்கம் போகிறாள் என்றால் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஹம் நகரத்தில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு இருக்கிறது.

ஊர் சுற்றலாமா?

கண்டிப்பாக. ஜெர்மன் அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போகலாம், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும். மாணவர் பயணச் சீட்டு பல இடங்களில் நாடு முழுக்க வட்டார ரயில்களில் செல்லும், ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது.

திரும்பும்போது?

இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள், ஏனென்றால் அறை, போன், ஜிம் எல்லாவற்றையும் முன்னறிவிப்புக் காலம் பார்த்து எழுத்தில் ரத்து செய்ய வேண்டும், விமானம் ஏறிவிட்டால் அவை தானாக நிற்காது. நகர அலுவலகத்தில் முகவரியை நீக்குங்கள், அந்தத் தாளைக் காட்டினால்தான் காப்பீடும் ஒலிபரப்புக் கட்டணமும் முடியும். அறையைத் துடைத்துக் கொடுக்கும்போது சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். முன்பணம் திரும்பி வரச் சில மாதம் ஆகலாம் என்பதால் அதுவரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

மதிப்பெண் பட்டியல் நீங்கள் வந்து சில வாரம் கழித்துத்தான் தயாராகும். கிளம்பும் முன் சர்வதேச அலுவலகத்தில் உங்கள் ஊர் முகவரியையும் சொந்த மெயிலையும் கொடுத்துவிடுங்கள், பல்கலைக்கழக மெயில் கொஞ்ச நாளில் முடங்கிவிடும்.